தீவின் பின்கட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

மாலத்தீவு என்று சொன்னவுடன் உங்கள் மனதில் ஒரு படம் வந்திருக்கும். பச்சையும் நீலமுமாகக் கடல், அதில் கால் ஊன்றி நிற்கிற மரக் குடில்கள், வெள்ளை மணல். அந்தப் படம் பொய் இல்லை. ஆனால் முன்கட்டு உள்ள எந்தப் பெரிய வீட்டுக்கும் பின்கட்டு என்று ஒன்று உண்டு. நான் வேலை பார்த்தது பின்கட்டில். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். ஜெனரேட்டர், குடிநீர் இயந்திரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இந்த மூன்றும் அங்கே என் பொறுப்பு. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் ஒரு சொகுசு விடுதியை நடத்த முடியுமா என்று பேச வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த வழி பின்கட்டு வழிதான், அதிலேயே உங்களையும் கூட்டிப் போகிறேன்.

மாலத்தீவில் ஏறக்குறைய 1,190 தீவுகள். மக்கள் குடியிருப்பது அதில் இருநூறு சொச்சம்கூட இருக்காது. மற்றவற்றில் பலவற்றை விடுதிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒரு தீவு, ஒரு விடுதி. முதல் விடுதி 1972-ல் வந்தது. பெரும்பாலான நிலம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. ஆறு கிடையாது, பெரும்பாலான தீவுகளில் ஏரி கிடையாது, பாறை கிடையாது. பவளம் பொடிந்து சேர்ந்த மணல், அவ்வளவுதான். உப்பும் அரிசியும் டீசலும் திருகாணியும் படகில் வந்து இறங்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். நம்ம தருமபுரி மாவட்டத்துக்காரனுக்குத் தண்ணீர் என்றால் காது தானாக நிமிரும்.

இங்கே ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வந்த கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அந்தத் தீவில் இடுப்பளவு, மிஞ்சினால் ஆளுயரம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அது மழைநீர், மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை அதிகம், அதனால்தான் மிதக்கிறது. சின்னத் தீவில் அந்தப் படலம் மிக மெல்லியது. மோட்டாரை வைத்து ஓங்கி இழுத்தால் அடியிலிருந்து கடல் ஏறி வந்துவிடும். 2004 சுனாமியில் கடல் மேலேயே ஏறி வந்து பல தீவுகளின் கிணறுகள் உப்பாகிப் போயின. ஆகவே ஒழுங்கான விடுதி கிணற்றைத் தொடாது. கடல்நீரைக் குடிநீராக்கும்.

தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ. இயந்திரம் உங்களுக்குப் புதிதில்லை. புளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் மஞ்சள் கறை படிந்த தலைமுறை நாம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் முன்பும் வந்த பின்பும் எத்தனை ஊர்களில் ஆர்.ஓ. பெட்டியைப் பார்த்திருக்கிறோம். கடல்நீருக்கும் அதே தத்துவம்தான், ஆனால் வேலை பல மடங்கு கடினம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைச் சவ்வு வழியாகத் தள்ள ஏறத்தாழ 60 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்றைப் போல முப்பது மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்துக்கு மின்சாரம் வேண்டும். நல்ல இயந்திரமாக இருந்தால் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு மூன்றிலிருந்து ஐந்து யூனிட். ஒரு லிட்டர் டீசல் எரித்தால் ஜெனரேட்டர் தருவது மூன்று, மூன்றரை யூனிட். அதாவது தீவில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் டீசல்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு குடிலுக்கும் தனி நீச்சல் குளம். முப்பது சதுர மீட்டர் குளம், அந்த வெயிலுக்கு நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், யாரும் காலை நனைக்காமலே 150 லிட்டர் வானத்துக்குப் போகிறது. எட்டிக் குதித்தால் கடல், அதற்குப் பக்கத்தில் கடலைச் சுத்தம் செய்து ஊற்றிய குளம்! விருந்தாளி கேட்கிறார், கொடுக்கிறார்கள், அது வியாபாரம். ஆனால் அதே குடிலில் மூங்கில் உறிஞ்சுகுழலை வைத்துவிட்டு ‘நாங்கள் பூமியைக் காக்கிறோம்’ என்று அட்டை எழுதி வைப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. நூறு லிட்டர் கடல்நீரை உள்ளே விட்டால் நாற்பது லிட்டர்தான் நல்ல தண்ணீராக வரும். மீதி அறுபது லிட்டரில் மொத்த உப்பும் சேர்ந்து, லிட்டருக்கு 58 கிராம் அளவில் திரும்பிப் போகிறது. அதைக் கரையோரம் தேங்கிய நீரில் விட்டால் பவளத்துக்குக் கேடு. பவளப்பாறைக்கு வெளியே, நீரோட்டம் உள்ள ஆழத்தில் கொண்டு போய்த்தான் விட வேண்டும். அதற்குக் குழாய்ச் செலவு அதிகம். விருந்தாளி கண்ணுக்குத் தெரியாத செலவு. ஒரு விடுதி யோக்கியமானதா என்று பார்க்க நான் முதலில் தேடுவது அந்தக் குழாயின் முனையைத்தான். ஏனென்றால் அந்தப் பவளப்பாறைதான் தீவின் மதில். அலையை உடைப்பது அதுதான். 1998-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப் போனது. அந்தச் சூட்டை எந்த விடுதியாலும் தனியாகத் தடுக்க முடியாது. அப்படியிருக்க நாமும் நம் பங்குக்கு உப்பையும் சேற்றையும் ஊற்ற வேண்டுமா?

இயந்திரம் நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் தலைநகர் மாலேயே உதாரணம். 2014 டிசம்பரில் அங்கே கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீ. ஒரு லட்சம் பேருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் போனது.

சரி, வேறு வழியே இல்லையா? இருக்கிறது. தான்சானியாவில் ஸான்சிபார் பக்கத்தில் சும்பே என்றொரு குட்டித் தீவு. குடில்கள் மொத்தம் ஏழுதான். கூரையில் விழும் மழைதான் தண்ணீர், கழிப்பறை உரமாக்கும் வகை, விளக்கு சூரிய ஒளியில். அங்கே மீன் பிடித்தவர்களையே பவளத்துக்குக் காவலர்களாக வைத்தார்கள். ஏ.சி. கிடையாது. காற்று வருகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். அதற்கு நேர் எதிர் தெற்குப் பசிபிக்கில் தேத்தியாரோவா தீவு. நடிகர் மார்லன் பிராண்டோ வாங்கிய தீவு அது. 2014-ல் திறந்த அந்த விடுதியில் ஏ.சி. உண்டு. ஆனால் 900 மீட்டருக்கும் கீழே இருக்கிற குளிர்ந்த கடல்நீரைக் குழாயில் ஏற்றி, அந்தக் குளிரையே அறைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஏ.சி.தான் தீவில் மின்சாரத்தைக் குடிக்கிற பெரிய பூதம் என்பதால் இது சாதாரண விஷயமில்லை. கைநிறையப் பணம் இருந்தால்தான் செய்ய முடியும் என்பதும் உண்மை.

நம்மவர்களும் சும்மா இல்லை. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-லேயே லட்சத்தீவின் கவரத்தியில் ஒரு நிலையம் அமைத்தது. மேல்மட்டக் கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த நீரால் அதைத் திரும்பத் தண்ணீராக்குகிறார்கள். சவ்வே வேண்டாம். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். விடுதிக்காக இல்லாமல் ஊர் மக்களுக்காகச் செய்தது என்பதால் எனக்கு இதன் மேல் கூடுதல் மரியாதை.

குப்பையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடியை அரைத்துக் கான்கிரீட்டில் போடலாம், சமையல் கழிவை உரமாக்கித் தோட்டத்துக்குப் போடலாம், டின்னை நசுக்கி மூட்டை கட்டலாம். மாலத்தீவில் விடுதி நடத்தும் சொனேவா நிறுவனத்தார் 2008-லேயே புட்டித் தண்ணீர் வாங்குவதை நிறுத்தித் தீவிலேயே கண்ணாடிப் புட்டியில் நிரப்பத் தொடங்கினார்கள். செய்யாதவர்களின் குப்பை படகேறி மாலே பக்கத்திலுள்ள திலாஃபுஷிக்குப் போகிறது. 1992 முதல் குப்பை கொட்டி வளர்த்த தீவு அது. போகிற வழியில் பாதி காற்றோடு போவதும் உண்டு.

இனி, விளம்பரத்தில் வராத ஒரு கணக்கு. ஆட்கள். பெரிய விடுதியில் ஒரு குடிலுக்கு இரண்டு ஊழியர், சில இடங்களில் அதற்கும் மேலே. அவர்கள் எல்லோரும் அதே தீவில்தான் தூங்க வேண்டும், குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். நான் பார்த்த ஒரு தீவில் விருந்தாளியின் குளத்துக்கு நல்ல தண்ணீர், ஊழியர் குளியலறைக்கு உவர் தண்ணீர். வங்கதேசத்துத் தோட்டக்காரர் ஒருவர் தலைமுடியைத் தொட்டுக் காட்டினார், தேங்காய் நார் மாதிரி இருந்தது. அந்த விடுதிக்கும் பசுமைச் சான்றிதழ் இருந்தது! ஊழியர் சாப்பாட்டுக்கூடம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்கும் சான்றிதழை நான் மதிப்பதில்லை. பத்துப் பேர் ஒரு அறையில் வேர்த்துக் கிடந்தால் மிச்சமாகிற மின்சாரத்தை யார் பெயரில் வரவு வைப்பது?

விமானத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பாவிலிருந்து பத்து மணி நேரம் பறந்து வருகிறவர், ஒரு வாரம் துண்டைத் துவைக்கப் போடாமல் இருந்து அதை ஈடுகட்ட முடியாது. சில விடுதிகள் கட்டணத்தில் இரண்டு விழுக்காடு தனியாக வாங்கிச் சுற்றுச்சூழல் வேலைக்குக் கொடுக்கின்றன. நல்லது. பாவத்தைக் கழுவுவது என்று நான் கேலி பேச மாட்டேன், ஏனென்றால் என் சம்பளமும் அந்த விமானத்தில்தான் வந்தது.

இதையெல்லாம் தருமபுரியில் உட்கார்ந்து ஏன் பேசுகிறேன்? நம்ம பக்கமும் விடுதிகள் முளைக்கின்றன. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் பெங்களூர்க்காரர்கள் வார இறுதிக்கு வருகிறார்கள். வத்தல்மலைக்குச் சாலை வந்த பிறகு அங்கேயும் பேச்சு அடிபடுகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளில் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவித்திருக்கிறார்கள். யானை நடமாடும் இடம். தீவில் தண்ணீர் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இங்கே போனைப் போட்டால் டேங்கர் லாரி வந்துவிடுகிறது. யாருடைய போரிலிருந்து அது வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. குப்பை பள்ளத்தில் சரிந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை, யானைக்குத் தெரிகிறது. ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் ஒகேனக்கல்லில் பரிசல்காரர்களைக் கேளுங்கள், துடுப்பில் என்னென்ன சிக்கியது என்று சொல்வார்கள்.

மலைமேல் விடுதி கட்ட அனுமதி கேட்டு யாராவது வந்தால், ஊராட்சிக்காரர்கள் கேட்க வேண்டியது மூன்று. தண்ணீர் எங்கிருந்து, எத்தனை லிட்டர்? கழிவு எங்கே போகும்? வேலைக்காரர்கள் எங்கே தூங்குவார்கள்? மீட்டர் வைத்து மாதாமாதம் கணக்கைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். மாலத்தீவில் எங்கள் மேலாளர் ஒருவர் தினமும் காலையில் அப்படி எழுத வைத்தார். டீசல் இத்தனை, தண்ணீர் இத்தனை, தலைக்கு இத்தனை என்று. முதல் மாதத்திலேயே ஒழுகும் குழாய்கள் தாமாகக் கண்ணில் படத் தொடங்கின.

ஐ.டி.ஐ., டிப்ளமோ படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. தீவு விடுதி வேலை என்றால் சமையலும் பரிமாறுவதும் மட்டும் என்று நினைக்கிறீர்கள். ஆர்.ஓ. இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர், ஜெனரேட்டர் பிரித்துப் போடத் தெரிந்தவர், கழிவுநீர்த் தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிரைக் காப்பாற்றத் தெரிந்தவர், இவர்களுக்குத்தான் அங்கே தட்டுப்பாடு. உங்கள் ஊர் ஆர்.ஓ. நிலையத்தில் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன் வேலை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். தங்குமிடம், சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் டிக்கெட் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊழியர் குளியலறையில் என்ன தண்ணீர் வருகிறது என்றும் கேளுங்கள், தயங்காமல்.

நன்றி, வணக்கம்.