வென்றவரை என்ன சொல்லி அழைப்பது?

[திரையில்: சதுரங்கப் பலகை. வெள்ளை யானை ஒரு கட்டத்தில் வந்து நிற்கிறது.]

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில், அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரென் தன் யானையை வைக்கக்கூடாத இடத்தில் வைத்துவிட்டார். எதிரே இருந்த குகேஷ் அதைக் கவனித்துவிட்டார். சிறிது நேரத்தில் ஆட்டம் முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே காய்களைப் பழையபடி அடுக்கி வைத்தார் அந்த 18 வயது இளைஞர்.

இனி அவரை எப்படி அழைப்பது? வெற்றியாளர், சாம்பியன், கிராண்ட்மாஸ்டர், வாகை சூடியவர். நான்கையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். நான்கும் ஒன்றல்ல.

முதலில் கிராண்ட்மாஸ்டரைத் தள்ளி வைத்துவிடலாம். அது ஒரு போட்டியில் முதலிடம் பெற்றதற்கான பெயரன்று, தகுதிப் பட்டம். பொதுவாக, 2500 தரப்புள்ளியைத் தொட்டு, மூன்று தகுதிநிலைகளையும், அதாவது போட்டிகளில் குறிப்பிட்ட உயர்தரத்தில் மூன்று முறை ஆடிக் காட்டுவதையும், முடித்தால் கிடைக்கும். கிடைத்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. குகேஷ் அதை 12 வயதிலேயே வாங்கிவிட்டார்.

சாம்பியன் அப்படியில்லை. அது ஒரு நாற்காலி. அதனால்தான் அதைச் சுற்றித் தனி வினைச்சொற்கள் இருக்கின்றன: பட்டத்தை வென்றார், தக்கவைத்தார், இழந்தார். ஆனந்த் 2008-இல் கிராம்னிக்கிடமும், 2010-இல் டோபலோவிடமும், 2012-இல் கெல்ஃபாண்டிடமும் பட்டத்தைத் தக்கவைத்தார். 2013-இல், அதுவும் சென்னையில், கார்ல்சனிடம் இழந்தார். அந்தக் கார்ல்சனோ யாரிடமும் தோற்காமலே எழுந்து போனார். அவருக்கு 'துறந்தார்' என்ற சொல்லைத் தேட வேண்டியதாயிற்று. அரசர்களுக்கு வைத்திருந்த சொல் சதுரங்கக்காரருக்கும் பொருந்தியது.

[திரையில்: இரண்டு வீரர்கள், கவசத்தோடு, வேலிக்குள்.]

சாம்பியன் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது களம். 'காம்புஸ்' என்றால் இலத்தீனில் வெளி, களம். இடைக்கால ஐரோப்பாவில் சில வழக்குகளைச் சண்டையிட்டுத் தீர்த்தார்கள். தாங்களே வாள் எடுக்க முடியாதவர்கள் தங்களுக்காக ஒருவரை இறக்கினார்கள். அவர்தான் சாம்பியன். வென்றாலும் தோற்றாலும் அவருக்கு அதே பெயர்தான்! வென்றவருக்கு மட்டும் என்று அது சுருங்கியது பின்னால்.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதையே 'சம்பியன்' என்று எழுதும். நமக்குக் கோப்பை, அவர்களுக்குக் கிண்ணம். அணி கிண்ணத்தைச் 'சுவீகரிக்கும்'. 2002-இல் கொழும்பில் சாம்பியன்ஸ் கோப்பை கிரிக்கெட்டின் இறுதி ஆட்டத்தை மழை கெடுத்தது. மாற்று நாளிலும் முடிவு வரவில்லை. இந்தியாவும் இலங்கையும் இணை சாம்பியன்கள். கவனியுங்கள், அங்கே யாரும் யாரையும் வெல்லவில்லை. ஆனாலும் சாம்பியன்!

நம்மிடம் இருக்கும் பழைய சொல் வாகை.

[திரையில்: வாகைப் பூ, மிக அருகில். பச்சையும் மஞ்சளும் கலந்த மெல்லிய இழைகள்.]

இது தூங்குமூஞ்சி மரமன்று. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். வாகையின் காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலக்கும். குறுந்தொகைப் புலவர் அதைக் கழைக்கூத்தாடிகளின் பறையொலிக்கு ஒப்பிட்டார். வென்ற மன்னன் சூடியது இந்தப் பூவைத்தான். ஆனால் தொல்காப்பியத்தில் வாகைத் திணை போரோடு நிற்பதில்லை. அவரவர் தத்தம் துறையில் மேம்பட்டு நிற்பதும் வாகைதான். அறிவனுக்கும் தவம் செய்பவனுக்கும் அதில் இடமுண்டு. அந்தக் கணக்கில் சதுரங்கக்காரருக்கு வாகை மிகப் பொருத்தம்.

ஒரே சிக்கல், அது தலைப்புச் செய்தியிலேயே தங்கிவிட்டது. "என் மகள் கோலப் போட்டியில் வாகை சூடினாள்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள்.

உண்மையில் தமிழில் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்தான் குட்டை உடைக்கும். கோப்பையை வென்றார் என்றால் எதிரில் ஒருவர் தோற்றிருக்கிறார். விருது பெற்றார் என்றால் ஒரு குழு கூடித் தந்திருக்கிறது. நோபலுக்கு 'வென்றார்' என்று எழுதுவது எனக்கு எப்போதும் சற்று உறுத்தும். பரிசைத் தட்டிச் சென்றார் என்றால் செய்தியாளருக்கு உற்சாகம். பரிசு விழுந்தது என்றால் அது லாட்டரி. அவரை வெற்றியாளர் என்பதில்லை, அதிர்ஷ்டசாலி.

தேர்தலில் இன்னொரு வேடிக்கை. வாக்குப்பதிவுக்கு முன்பே ஒரே சுவரில் நான்கு 'வெற்றி வேட்பாளர்'கள் கைகூப்பி நிற்பார்கள். எண்ணி முடித்த பிறகு ஒருவர் மட்டுமே 'வெற்றி பெற்ற வேட்பாளர்'. இடையில் ஒரு 'பெற்ற' வருவதற்குத்தான் அத்தனை செலவும்.

பதக்கத்துக்கு உறவுமுறையே வந்துவிடும். 2016-இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கம் வென்றார், தங்கமகன் ஆனார். அவரே டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் வென்றார். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம், எளிதா? ஆனால் வெண்கலமகன் என்று எந்தத் தாளும் அவரைக் கொண்டாடியதாக எனக்கு நினைவில்லை.

கடைசியாக ஒரு வெற்றியாளர். 'ஆளர்' என்ற விகுதி உயர்திணைக்கு உரியது, அதனால் இவரை அப்படி அழைக்க இலக்கணம் விடாது.

[திரையில்: வாடிவாசல். புழுதி.]

ஜல்லிக்கட்டில் யாரும் திமிலைப் பிடித்து நிற்க முடியவில்லையென்றால் ஒலிபெருக்கி 'மாடு வெற்றி' என்று அறிவிக்கும். வென்றவர் இல்லை, வென்றது. பரிசை வாங்க மேடையேறுபவர் உரிமையாளர். வென்ற காளை அதற்குள் திடலைத் தாண்டி ஓடியிருக்கும். அதைக் கயிறு போட்டுப் பிடிக்க நான்கு பேர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள்.