வாடகை கட்டவா, மோதிப் பார்க்கவா? கல்ட்செப்ட் ரிவோல்ட்டும் நானும்

வணக்கம் மக்களே. கையில் இருப்பது நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க கேம் மெஷின். இன்னுமா இந்த டப்பாவை வைத்திருக்கிறாய் என்று கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் கேமுக்காகத்தான் வைத்திருக்கிறேன். பெயர் கல்ட்செப்ட் ரிவோல்ட்.

சின்ன வயதில் டிரேட் ஆடியிருப்பீர்கள். பகடை உருட்டுவோம், ஊரை வாங்குவோம், அடுத்தவன் வந்து நின்றால் வாடகை கேட்போம். அந்தப் பலகையில் பணத்துக்குப் பதில் மந்திரசக்தி, வீட்டுக்குப் பதில் ஒரு பூதம். பூதத்தை இறக்க உங்கள் கையில் அதற்கான கார்டு இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்பே 50 கார்டுகளைப் பொறுக்கி ஒரு கட்டு தயார் செய்துகொள்கிறோம். அதைப் புத்தகம் என்கிறார்கள். தெரிந்தெடுக்க 400க்கும் மேற்பட்ட கார்டுகள் உண்டு.

இது புதுச் சரக்கும் இல்லை. ஜப்பானில் ஓமியாசாஃப்ட் என்ற சின்ன நிறுவனம் 1997இல் செகா சாட்டர்ன் என்ற, டிவியில் மாட்டி ஆடும் மெஷினுக்காகச் செய்தது முதல் கேம். கைக்கு அடக்கமாக வந்தது 2008இல், 3டிஎஸ்ஸுக்கு முந்தின டிஎஸ் மெஷினில். 2012இல் 3டிஎஸ். இரண்டுமே ஜப்பானைத் தாண்டவில்லை. ரிவோல்ட் 2016இல் அங்கே வந்து, 2017 அக்டோபரில்தான் ஆங்கிலத்தில் கிடைத்தது.

இங்கே என் சோகக் கதை ஒன்று. பழைய கேம் விற்கும் ஒரு கடையில் பெட்டி இல்லாமல் வெறும் கார்ட்ரிட்ஜ் மட்டும் வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். மேலே ஜப்பானிய எழுத்து இருந்தது. "எல்லா மெஷினிலும் ஓடும் சார்" என்றார். நானும் தலையாட்டினேன். 3டிஎஸ்ஸுக்குப் பிராந்தியப் பூட்டு உண்டு, ஜப்பான் கார்ட்ரிட்ஜ் என் அமெரிக்க மெஷினில் ஓடவே ஓடாது. தெரிந்துகொள்ள ஆன செலவு ஒரு கார்ட்ரிட்ஜ் விலை. திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஆங்கிலக் கார்ட்ரிட்ஜை அப்புறம் தனியாக வாங்கினேன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். நெருப்பு, நீர், மண், காற்று என்று நிலத்துக்கு நிறம் உண்டு. நீர் நிலத்தில் நீர்ப் பூதத்தை வைத்தால் அதற்குத் தெம்பு கூடும், நிலத்தின் ஒவ்வொரு நிலைக்கும் உயிர் 10 ஏறும். நிலம் ஐந்தாம் நிலை வரை வளரும், வாடகையும் கூடவே வளரும். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று நிலம் பிடித்தால் இன்னும் ஏறும். அடுத்தவர் நிலத்தில் கால் வைத்தால் இரண்டே வழி: வாடகை கட்டு, அல்லது உன் பூதத்தை இறக்கி மோது. ஜெயித்தால் நிலமே உனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இலக்கு 8000 மந்திரசக்தி. கையிருப்பும் நிலங்களின் மதிப்பும் சேர்ந்து இலக்கைத் தொட்டுவிட்டேன். ஆனால் தொட்டால் போதாது, கோட்டை வாசலை மிதிக்க வேண்டும். வாசல் ஆறேழு கட்டம்தான். நடுவில் கம்ப்யூட்டரின் நீர் நிலம், நான்காம் நிலை. தாண்டிவிடலாம் என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஹோலி வேர்ட் என்ற மந்திரக் கார்டை என் மேல் போட்டது. அடுத்து எனக்கு விழப்போகும் எண்ணை அந்த மந்திரமே முடிவு செய்துவிடும். சரியாக அந்த நிலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே நிற்கும் பூதத்துக்கு உயிர் 40. நிலம் 40 சேர்க்கிறது, மொத்தம் 80. என் கையில் இருக்கும் பூதத்தின் அடி 50, வாள் கார்டு போட்டால் 80. கணக்கு கச்சிதம். முதல் அடியும் எனக்குத்தான், தாக்குபவர் முந்துவதுதான் வழக்கம். ஆனால் இந்த ஆட்டத்தில் எதிராளியின் கையில் என்ன கார்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் கையில் ஒரு கவசம் இருந்தது. அதைப் போடுமா, அடுத்த சண்டைக்குப் பத்திரப்படுத்துமா? இரண்டு பேரும் ஆயுதத்தை மறைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். நான் மூன்று நிமிஷம் யோசித்தேன். வாடகை கட்டினால் 8000க்குக் கீழே விழுந்துவிடுவேன், அதனால் மோதினேன்.

கவசத்தைப் போட்டது. வாள் போச்சு, பூதம் செத்தது, அதற்குப் பிறகும் வாடகையைக் கட்டினேன்! அந்த வாடகையிலேயே கம்ப்யூட்டர் இலக்கைத் தாண்டி, இரண்டு சுற்றில் வாசலுக்குப் போய்விட்டது. ஒன்றரை மணி நேர ஆட்டம்.

இதைப் பகடை அதிர்ஷ்டம் என்று திட்டுபவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் 50இல் பூதங்கள் அதிகம், ஆயுதமும் மந்திரமும் கம்மி. ஒரு ஹோலி வேர்டு என் கையில் இருந்திருந்தால் முந்தின சுற்றிலேயே வாசலில் நின்றிருப்பேன். தோல்வி கட்டு அடுக்கும்போதே தொடங்கிவிட்டது.

கார்டு சேர்க்க நிஜப் பணம் கேட்பதில்லை. ஆடி முடித்தால் புள்ளி கிடைக்கும், தோற்றாலும் கொஞ்சம் உண்டு, அதில் கார்டு பொட்டலம் வாங்கலாம். இப்போதைய போன் கேம்களைப் பார்த்த கண்ணுக்கு இதுவே பெரிய மரியாதை. ஆட்டம் நீளம் என்பது உண்மைதான், ஆனால் மெஷினை மூடி வைத்தால் தூங்கிவிடும். பஸ்ஸில் பாதி, வீட்டில் பாதி என்று ஆடுகிறேன். டிவி முன்னால் இதற்கு எனக்குப் பொறுமை இருக்காது.

ஒரு குறை. 3டிஎஸ் ஆன்லைன் ஆட்டத்தை 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷமே 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையும் மூடியாயிற்று. இனி கம்ப்யூட்டரோடு, அல்லது பக்கத்தில் இன்னொரு 3டிஎஸ்ஸோடு உட்காரும் நண்பரோடுதான். எனக்கு அப்படி ஒருவரும் இல்லை. இந்த ஊரில் யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள், டீ என் செலவு.

இன்றைக்குப் பூதங்களில் ஆறைக் கழற்றிவிட்டு இரண்டு ஹோலி வேர்டும் நாலு கவசமும் சேர்த்திருக்கிறேன். அதே பலகை, அதே எதிராளி. இருங்கள், பேட்டரி விளக்கு சிவப்பாகிவிட்டது. சார்ஜரை எடுத்துவந்து உருட்டுகிறேன்.