அந்த ஐம்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

"உளவியல் சிகிச்சைக்குப் போனேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை, நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்." இந்தக் குறை அடிக்கடி காதில் விழுகிறது. அறிவுரை வழங்கத்தான் சொந்தபந்தம் இருக்கிறதே. இங்கே நடக்கும் வேலை வேறு.

பொதுவாக வாரம் ஒருமுறை, 45 முதல் 50 நிமிடம். முதல் ஓரிரு அமர்வுகள் விசாரிப்பிலேயே கழியும். தூக்கம் எப்படி, குடி உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சாகலாம் என்று தோன்றியதுண்டா என்றெல்லாம் கேட்பார்கள். மறைக்காதீர்கள். பேசுவது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்றவை விதிவிலக்கு. அந்த எல்லை எதுவரை என்று முதல் நாளே கேட்டுவிடலாம்.

முறைகள் பல. சிபிடி (CBT) என்கிறார்களே, எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சை, அதை எடுத்துக்கொள்வோம். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் அதற்கு அடித்தளம் போட்டார். உதாரணமாக, நண்பருக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. 'என்னை ஒதுக்குகிறார்' என்று மனம் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இதை நோட்டில் எழுதச் சொல்வார்கள்: நடந்தது என்ன, தோன்றிய எண்ணம், வருத்தம் நூற்றுக்கு எத்தனை, அந்த எண்ணத்துக்கு ஆதாரம், எதிர் ஆதாரம். பிறகு மறுபடி மதிப்பெண். 80 என்றிருந்தது 50 ஆனாலே நல்ல பலன். பலரும் சறுக்குவது ஆதாரம் எழுதும்போதுதான். 'ஒதுக்குவது போல இருக்கிறது' என்பது ஆதாரமில்லை, உணர்ச்சி. 'நேற்று அவராகவே கூப்பிட்டுப் பேசினார்', இது ஆதாரம். இன்னொரு தப்பு, வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு அமர்வுக்கு முந்தின இரவு மொத்தமாக எழுதுவது. அந்த மதிப்பெண் வெறும் ஊகம்.

லிஃப்ட் பயம் போன்றவற்றுக்குப் படிப்படியாகப் பழக்குவார்கள்: முதலில் வாசலில் நிற்பது, பிறகு கதவு திறந்தபடியே உள்ளே, பிறகு ஒரே ஒரு மாடி. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், 'ஓடியதால்தான் பிழைத்தேன்' என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த முறை பயம் கூடும். அதனால் படியைச் சின்னதாக வைத்துக்கொண்டு, பயம் அடங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

சிபிடிக்குப் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வு பிடிக்கும். ஆழ்மனதை ஆராயும் முறைகள் வருடக்கணக்கிலும் போகலாம். மூடிவைத்ததைத் திறப்பதால் ஆரம்பத்தில் மனம் இன்னும் கனப்பதுண்டு. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐந்தாறு அமர்வாகியும் அசைவே இல்லையென்றால், சொல்லாமல் நின்றுவிடாமல் சிகிச்சையாளரிடமே சொல்லுங்கள்: "இது எனக்கு ஒத்துவரவில்லை." முறையையோ ஆளையோ மாற்ற அந்த ஒரு வாக்கியம் போதும்.