விழித்திருக்கும் நான்கு வாரங்கள்

அன்புக்குரிய இறைமக்களே,

கிறிஸ்துமஸுக்கு நம்மை ஆயத்தப்படுத்தும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். காலம் முழுவதும் 22 முதல் 28 நாள்கள்தான். இதைக் கிறிஸ்துமஸ் வேலைகளுக்கான மாதமாக நினைப்பதால்தான் பெருவிழா நாளன்று உடலும் மனமும் ஓய்ந்துபோய்க் கோயிலில் அமர்கிறோம்.

திருச்சபை நம்மை உடனே மாட்டுத்தொழுவத்துக்கு அழைத்துச் செல்வதில்லை. முதல் ஞாயிறு நற்செய்தி, ஆண்டவர் மாட்சியோடு மீண்டும் வரும் நாளைப் பேசுகிறது. தலைவர் எந்த நேரத்தில் திரும்புவார் என்று அறியாத பணியாளர்களை மாற்கு 13-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். அவரவர்க்கு அவரவர் வேலை உண்டு. வேலையைச் செய்துகொண்டே விழித்திருக்கிறார்கள். ஆகவே, அன்றாடக் கடமைகளை விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. அடுத்த இரண்டு ஞாயிறுகளும் திருமுழுக்கு யோவானுக்குரியவை. டிசம்பர் 17 முதல்தான் வழிபாடு பெத்லகேம் பிறப்பை நேராக நோக்கித் திரும்புகிறது.

நாளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே இடம், ஒரே நேரம். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும், அதிலேயே விவிலியம் இருந்தாலும்கூட. முதல் இரண்டு நிமிடம் பேசாமல் அமருங்கள். அன்றைய வாசகத்தை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். சற்று நிறுத்தி மறுபடி வாசியுங்கள். மனத்தைத் தொடும் ஒரு வரி கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள். பகுதியை முடிக்கும் அவசரம் வேண்டாம். ஐந்தாறு நிமிடம் அந்த வரியோடு அமைதியில் இருந்து, பிறகு உங்கள் சொந்தச் சொற்களில் வேண்டுங்கள்.

மனம் அலையும். அது தோல்வியன்று. அலைந்த மனத்தைத் திட்டிக்கொண்டிருப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. கவனித்தவுடன் அதே வரிக்குத் திரும்பினால் போதும். பலர் தடுமாறுவது வேறோர் இடத்தில். நோன்பு, செபமாலை, தினத் திருப்பலி, முழு எசாயா நூல் என எல்லாவற்றையும் முதல் நாளே சுமந்துகொண்டு, இரண்டாம் வாரத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிடுகிறார்கள். ஒன்றை எடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் முப்பது நிமிடமாக ஈடுகட்ட வேண்டாம், அன்றைய பதினைந்து நிமிடமே போதும்.

ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு திரிகள் கொண்ட மெழுகுதிரி வளையம் வைக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். 1839-இல் ஹாம்பர்க்கில் யோகான் ஹின்றிச் விகெர்ன் என்னும் லுத்தரன் போதகர், தம் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளுக்காக மரச் சக்கரத்தில் திரிகளை வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரியவை, மற்ற நாள்களுக்குச் சிறியவை. நாள்களை எண்ணிக் காத்திருக்கப் பிள்ளைகளுக்கு அது உதவியது. உங்கள் வளையத்தின் நான்கு திரிகளையும் முதல் வாரமே அழகுக்காக ஏற்றிவிட்டால் அந்தக் காத்திருப்பு போய்விடும். திருப்பலியின் புகழ்ப்பாடலான வானவர் கீதத்தைத் திருச்சபை இந்த ஞாயிறுகளில் பாடாமல் வைத்திருப்பதும் அதற்காகவே. அல்லேலூயா மட்டும் நிற்பதில்லை.

டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலை வழிபாட்டில் மரியாவின் பாடலுக்கு முன் கிறிஸ்துவை நாளுக்கொரு பெயரால் அழைக்கிறோம்: ஞானமே என்று தொடங்கி இம்மானுவேலே என்று முடியும். வேலை மிகும் அந்த ஏழு நாள்களில் பதினைந்து நிமிடம் கிடைக்காவிட்டால், அன்றைய பெயரை மட்டும் வேலைக்கு நடுவே பலமுறை சொல்லி அழையுங்கள். ஒப்புரவு அருளடையாளத்தை (பாவசங்கீர்த்தனத்தை) அந்த ஏழு நாள்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். 2023-இல் நடந்ததுபோல் நான்காம் ஞாயிறு டிசம்பர் 24 அன்றே வந்தால், நான்காம் வாரம் என்பது அந்த ஒரு பகல்தான். மாலையில் பெருவிழா தொடங்கிவிடும்.