கழுகு மோதிரம்

எல்லோருக்கும் வணக்கம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ராக் மெஷின் என்று ஒரு மோட்டார் சைக்கிள் கும்பல் இருந்தது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் கதையை இன்னொரு கும்பலின் வீட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1985 மார்ச் மாதம். லெனாக்ஸ்வில் என்ற சிற்றூரில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கும்பலுக்கு ஒரு கிளப் வீடு. கூட்டம் இருக்கிறது, வாருங்கள் என்று தங்கள் லவால் கிளைக்காரர்களை அங்கே அழைத்தார்கள். விற்கக் கொடுத்த கொகெய்னைத் தாங்களே உறிஞ்சுகிறார்கள், பணத்திலும் கைவைக்கிறார்கள் என்று அவர்கள்மேல் புகார். வந்தவர்களில் ஐந்து பேரைச் சொந்தக் கூட்டாளிகளே சுட்டுக் கொன்றார்கள். உடல்களை ஸ்லீப்பிங் பேக்கில் திணித்து, கனமானவற்றைக் கட்டி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இறக்கிவிட்டார்கள்.

இவர்கள் ஒருவரை ஒருவர் 'சகோதரா' என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். அந்தச் சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாண்ட்ரியலில் சால்வத்தோரே காஸெட்டா என்பவருக்கு இந்தக் கொலைகள் பொறுக்கவில்லை. கூட இருந்தவனையே கொல்கிற கூட்டத்தில் எனக்கென்ன வேலை என்று விலகி நின்றார். 1986இல் தம்பி ஜியோவானியோடு சேர்ந்து ராக் மெஷினைத் தொடங்கினார். ஜாக்கெட்டின் முதுகில் பெரிய சின்னம் தைத்துக்கொண்டு ஊர்வலம் போகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. விரலில் கழுகுத் தலை பொறித்த ஒரு மோதிரம், அவ்வளவுதான். யார் எவர் என்று போலீசுக்குச் சட்டென்று தெரியாது. போதைப்பொருள் வியாபாரத்துக்கு அது எவ்வளவு வசதி!

காஸெட்டாவோடு முன்பு ஒரே கும்பலில் சுற்றியவர் மோரீஸ் பூஷே. அவர் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸில் சேர்ந்து மேலே வந்தார். இருவரும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடாமல் சில வருடங்கள் ஓடின. 1994இல் கொகெய்ன் கடத்தல் வழக்கில் காஸெட்டா கைதானார். அப்புறம் பூஷேயைத் தடுக்க ஆளில்லை. இனி மாண்ட்ரியலில் யார் விற்றாலும் எங்களிடம்தான் சரக்கு வாங்க வேண்டும் என்றார். மறுத்த தனி வியாபாரிகளும் ராக் மெஷினும் கைகோத்தார்கள். சண்டை மூண்டது. 2002 வரை அது 160க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

அந்த 160இல் ஒரு சாவை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1995 ஆகஸ்ட் 9. ஹோஷலகா-மேசோனூவ் என்பது மாண்ட்ரியலில் கூலி வேலைக்காரர்கள் வாழும் பகுதி. அங்கே ஆடம் தெருவில் ஒரு போதை வியாபாரியின் ஜீப்பில் குண்டு வெடித்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் விளையாடிக்கொண்டிருந்தான் டானியேல் டேரோஷே. வயது 11. பறந்து வந்த உலோகத் துண்டு ஒன்று அவன் தலையில் பாய்ந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனான்.

அவன் அம்மா வாய்மூடி இருக்கவில்லை. பணமும் பதவியும் இல்லாத பெண். கும்பல்களை ஒடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேமராக்கள் முன்னால் நின்று, அரசியல்வாதிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அதுவரை, அவர்களுக்குள் வெட்டிக்கொண்டு சாகட்டும், நமக்கென்ன என்று இருந்த ஊர்தான் அது. அந்த 'நமக்கென்ன' அந்தப் பையனோடு செத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த வருடமே கார்காஜூ என்ற கூட்டுப் போலீஸ் படை அமைந்தது. 1997இல் கும்பல் குற்றங்களுக்கு எதிரான முதல் சட்டம் வந்தது.

பூஷேயின் ஆட்கள் அடங்கவில்லை. அதே 1997இல் இரண்டு சிறைக் காவலர்களைக் கொன்றார்கள். 2000 செப்டம்பரில், கும்பல்களைப் பற்றி விடாமல் எழுதிவந்த மிஷேல் ஓஜே என்ற செய்தியாளரை, அவருடைய பத்திரிகையின் கார் நிறுத்துமிடத்திலேயே ஒருவன் முதுகில் சுட்டான். அவர் தன் கைபேசியில் தானே உதவிக்கு அழைத்துப் பிழைத்துக்கொண்டார். சக பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு மேலும் கடுமையான சட்டம் கொண்டுவரப் போகிறது என்று பேச்சு எழுந்தபோதுதான், அக்டோபரில் பூஷேயும் ராக் மெஷின் தலைவர் ஃப்ரெட் ஃபோஷேயும் ஒரு உணவகத்தில் உட்கார்ந்து, புகைப்படக்காரரை வரவழைத்துக் கைகுலுக்கினார்கள். அத்தனை பிணங்களுக்குப் பிறகு!

அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. ராக் மெஷினில் சிலர் எதிரியிடமே போய்ச் சேர்ந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் வருடக் கடைசியில் பாண்டிடோஸ் என்ற இன்னொரு கும்பலோடு இணைந்தார்கள். 2001 மார்ச்சில் போலீஸ் ஒரே நாளில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆட்களை நூற்றுக்கும் மேலாக அள்ளியது. காவலர் கொலைகளுக்காக 2002 மே மாதம் பூஷேக்கு ஆயுள் தண்டனை. அடுத்த மாதமே பாண்டிடோஸ்மீதும் அதே மாதிரி வேட்டை. கியூபெக்கில் அவர்கள் கதை அத்தோடு முடிந்தது.

காஸெட்டா என்ன ஆனார்? தண்டனை முடிந்து வெளியே வந்தார். வந்தவர் போய்ச் சேர்ந்த இடம் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ். லெனாக்ஸ்வில்லில் ஐந்து பேர் செத்ததற்காக எந்தச் சின்னத்தை வேண்டாம் என்று விலகினாரோ, அதே சின்னத்தைத் தன் முதுகில் போட்டுக்கொண்டார்.