ஒரே மிடி டிராக், மூன்று சிந்தசைசர்கள்: ஒலிகளை அடுக்குவது எப்படி?

[திரை: நான்கு கார்ட் (chord, சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) கொண்ட ஒரு மிடி கிளிப். ஒரு சிந்த் மட்டும் ஒலிக்கிறது.]

கார்டுகளில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் ஒலி மெலிந்து கிடக்கிறது. இதே கிளிப்பை, ஒரு நோட்டைக்கூட மாற்றாமல், மறுபடியும் ஓடவிடுகிறேன்.

[திரை: அதே கிளிப். இப்போது மூன்று சிந்த்கள்.]

தொடக்கத்தில் ஒரு கிணுங்கல், அதன் பின்னாலேயே கனமான உடல், நோட் அடங்கும் நேரத்தில் மேலே மெல்லிய காற்று. மூன்று மென்பொருள் சிந்தசைசர்களும் ஒரே மிடி டிராக்கைத்தான் வாசிக்கின்றன. இதை அமைப்பது சில நிமிட வேலை. அமைத்த பிறகு ஒலி எங்கெல்லாம் கெடும் என்று பார்ப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். இந்த வீடியோவின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

மிடிக்குள் ஒலி கிடையாது. 1983-இல் அறிமுகமான நாளிலிருந்தே அது வெறும் எண்களின் ஓட்டம்: எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது. கட்டைக்கும் வெலாசிட்டிக்கும், அதாவது அழுத்திய வேகத்துக்கும், 0 முதல் 127 வரை எண்கள். 'நோட் 60, வெலாசிட்டி 96' என்ற செய்தியை எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். அந்தக் காலத்துக் கீபோர்டுகளின் முதுகில் 'த்ரூ' என்றொரு துளை இருக்கும். உள்ளே வந்த செய்தியை அப்படியே அடுத்த கருவிக்குக் கடத்துவதே அதன் வேலை. இன்று கணினிக்குள் அந்தக் கேபிள் தேவையில்லை, கருத்து அப்படியே நிற்கிறது.

பலர் இதற்கு டிராக்கை மூன்று முறை நகலெடுத்துவிடுகிறார்கள். உடனடியாக வேலை முடியும், மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்த வாரம் இரண்டாவது கார்டில் ஒரு நோட்டை அரைச் சுரம் இறக்குவீர்கள். மற்ற இரண்டு நகல்களும் பழைய நோட்டையே வாசித்துக்கொண்டிருக்கும். சுருதி உரசுவது கேட்கும், எங்கே என்று தேடத் தேடப் பொழுது போகும். நோட்டுகளுக்கு இருப்பிடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.

[திரை: ரீப்பர். மேலே 'நோட்டுகள்' என்ற டிராக், கீழே மூன்று சிந்த் டிராக்குகள்.]

ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் செய்து காட்டுகிறேன். மேல் டிராக்கில் மிடி கிளிப் மட்டும், சிந்த் எதுவும் வேண்டாம். கீழே மூன்று டிராக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிந்த். மேல் டிராக்கின் ரூட் (Route) பட்டனை இழுத்து ஒவ்வொரு டிராக்கின் மேலும் விடுங்கள். ஒரு சென்ட் (send, செய்தியை அனுப்பும் இணைப்பு) உருவாகும். அதில் ஆடியோவை 'இல்லை' என்றும் மிடியை 'எல்லாம்' என்றும் வையுங்கள். கீபோர்டில் வாசித்துப் பதிவுசெய்யும்போது மேல் டிராக்கை மட்டும் பதிவுக்குத் தயார்நிலையில் வையுங்கள். கீழ் டிராக்குகளையும் சிவப்பாக்கிவிட்டால், கீபோர்டிலிருந்து நேராக ஒருமுறை, சென்ட் வழியாக ஒருமுறை என ஒவ்வொரு நோட்டும் இரண்டு முறை போய்ச் சேரும். ஒலி உலோகக் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மற்ற மென்பொருள்களில் பெயர்தான் வேறு. லாஜிக்கில் சிந்த் டிராக்குகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'சம்மிங் ஸ்டாக்' ஆக்குங்கள். தாய் டிராக்கில் வைக்கும் கிளிப் எல்லாக் கருவிகளுக்கும் போகும். ஏபிள்டன் லைவில் 'இன்ஸ்ட்ருமென்ட் ராக்', எஃப்எல் ஸ்டுடியோவில் 'லேயர்' சேனல், பிட்விக்கில் 'இன்ஸ்ட்ருமென்ட் லேயர்', கியூபேஸில் மிடி டிராக்கின் மிடி சென்ட்.

இனி முக்கியமான கேள்வி. எந்த மூன்று சிந்த்கள்?

பிடித்த பிரீசெட்டுகளை, அதாவது சிந்தோடு வரும் ஆயத்த ஒலிகளை, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் வருவது சேறுதான். ஒவ்வொரு பிரீசெட்டும் தனியே கேட்டால் மயங்க வேண்டும் என்றே செய்யப்பட்டது: அடியில் பேஸ், மேலே பளபளப்பு, அகலமான ஸ்டீரியோ, கூடவே ரிவெர்ப் என்ற அறை எதிரொலி. மூன்றும் அதே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். அதனால் சிந்தைத் திறப்பதற்கு முன்பே பொறுப்பைப் பிரித்துவிடுங்கள். நோட்டின் தொடக்கம் யாருக்கு, உடல் யாருக்கு, வால் யாருக்கு?

இதற்கு 1987-இல் வந்த ரோலண்ட் டி-50 சிந்தசைசர் நல்ல பாடம். அன்று நினைவகம் விலை அதிகம். ஒரு வாத்தியத்தின் முழு ஒலியையும் பதிவாகச் சேமிக்க வழியில்லை. ஒரு வாத்தியத்தை அடையாளம் காண நம் காது நோட்டின் தொடக்கத்தையே பெரிதும் நம்புகிறது. எனவே தொடக்கத்துக்கு மட்டும் ஒரு குட்டிப் பதிவு, அதன் பின் வரும் நீண்ட பகுதிக்குச் சிந்தசைசர் அலை என்று இரண்டையும் ஒட்டினார்கள். காதுக்கு அது ஒரே கருவியாகத்தான் கேட்டது.

[திரை: மூன்று சிந்த் சாளரங்கள்.]

நான் எடுத்திருக்கும் மூன்றும் இலவசமாகவே கிடைப்பவை. தொடக்கத்துக்கு டெக்ஸட், இது யமஹா டிஎக்ஸ்7 என்ற பழைய சிந்தசைசரின் மென்பொருள் வடிவம், மணி போன்ற எலெக்ட்ரிக் பியானோ இதன் கைவந்த கலை. உடலுக்கு சர்ஜ் எக்ஸ்டி, சாதாரண சா டூத் (ரம்பப் பல் வடிவ) அலை, ஃபில்டர் பாதி மூடியது. வாலுக்கு வைட்டல், 12 அரைச் சுரங்கள் மேலே ஏற்றியது. ஸ்தாயியை மாற்றும்போது அரைச் சுரக் கணக்கையே நம்புங்கள். மிடி நோட் 60-ஐ ஒரு நிறுவனம் சி3 என்கிறது, இன்னொன்று சி4 என்கிறது.

வாலில் ஒரு சிக்கல் உண்டு. வைட்டலில் அட்டாக், அதாவது ஒலி முழு அளவுக்கு ஏற எடுக்கும் நேரம், 400 மில்லிவினாடி. நிமிடத்துக்கு 120 தாளத்தில் எட்டில் ஒரு பங்கு நோட்டின் நீளம் 250 மில்லிவினாடிதான். விரைவான நோட்டுகளில் அந்த ஒலி தலைதூக்கும் முன்பே நோட் முடிந்துவிடும். அட்டாக்கைக் குறைக்கலாம். குறைத்தால் அழகு போகிறது என்றால், அந்த ஒலிக்கு வேண்டியது வேறு நோட்டுகள். அது அடுக்கு அல்ல, தனி வாத்தியம். தனி டிராக் கொடுத்துவிடுவதே நேர்மை.

[திரை: பேஸ் நோட் ஒன்று நீளமாக ஒலிக்கிறது. மீட்டர் மெதுவாக ஏறி இறங்குகிறது.]

இந்த மீட்டரைக் கவனியுங்கள். நோட் 33, அதாவது 55 ஹெர்ட்ஸ். இரண்டு சிந்த்கள் ஒரே அளவில் வாசிக்கின்றன. ஒன்று மட்டும் சுருதியில் 10 சென்ட் (cent) விலகியிருக்கிறது. 10 சென்ட் என்பது அரைச் சுரத்தில் பத்தில் ஒரு பங்கு. 55 ஹெர்ட்ஸில் அது 0.32 ஹெர்ட்ஸ் வித்தியாசம். விளைவு, ஏறக்குறைய மூன்று வினாடிக்கு ஒருமுறை இரண்டு அலைகளும் எதிரெதிராக வந்து ஒன்றை ஒன்று விழுங்குகின்றன. பேஸ் மறைகிறது, திரும்பி வருகிறது. நடுஸ்தாயியில் இதே விலகல் இனிமையான அசைவு. 440 ஹெர்ட்ஸில் வினாடிக்கு இரண்டரை முறை அலையும். கீழே அதுவே பாட்டின் அஸ்திவாரத்தை உருவிவிடுகிறது.

தீர்வு எளிது: அடிப்பகுதிக்கு ஒரே சிந்த்தான் சொந்தக்காரர். மற்ற இரண்டிலும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அந்த ஒற்றை சிந்திலும் ஆஸிலேட்டர், அதாவது அலையை உருவாக்கும் பகுதி, ஒவ்வொரு நோட்டுக்கும் அலையின் ஒரே கட்டத்திலிருந்து தொடங்கும்படி 'ரீட்ரிகர்' இருந்தால் போடுங்கள். ஒரு நோட் கனமாகவும் அடுத்தது சோனியாகவும் வருவது குறையும்.

அடுத்து பிட்ச் பெண்ட், அதாவது கீபோர்டின் சக்கரத்தால் சுருதியை வளைப்பது. சக்கரத்தைத் தள்ளினால் அந்தச் செய்தி மூன்று சிந்துக்கும் போகும். எவ்வளவு வளைவது என்பதை ஒவ்வொரு சிந்தும் தானே முடிவுசெய்கிறது. இரண்டு சிந்த்கள் 2 அரைச் சுரத்திலும் மூன்றாவது 12-இலும் இருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

[திரை: பெண்ட் சக்கரம் மேலே போகிறது. ஒரு சிந்த் மட்டும் ஸ்தாயி தாண்டி ஓடுகிறது.]

மூன்றிலும் ஒரே எண்ணை வையுங்கள். மாடுலேஷன் சக்கரத்திலும் இதே கதை: ஒன்றில் நடுக்கம் வரும், இன்னொன்றில் ஃபில்டர் திறக்கும். சில நேரம் அந்த முரண்பாடே அழகாக அமையும், அதை நான் தடுப்பதில்லை. சஸ்டெயின் பெடல் அப்படியில்லை. நீண்ட வால் உள்ள சிந்தில் பெடல் மிதித்தால் கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குவியும். அந்த ஒரு சிந்துக்கு முன்னால் மட்டும், பெடலுக்கான 64-ஆம் கன்ட்ரோல் செய்தியை வடிகட்டிவிடலாம்.

வெலாசிட்டியை இன்னும் சுவையாகப் பயன்படுத்தலாம். லைவின் ராக்கில் ஒவ்வொரு அடுக்குக்கும் வெலாசிட்டி எல்லை உண்டு. டெக்ஸட்டை 80-இல் தொடங்கி 127 வரை வையுங்கள். கீழ் விளிம்பில் சற்றே சரிவு கொடுங்கள். மென்மையாக வாசித்தால் உடலும் வாலும், அழுத்தினால் மணி கிணுங்கும். அடுக்கு என்ற நினைப்பே கேட்பவருக்கு வராது.

ஒலி அளவில் ஒரு எச்சரிக்கை. சம அளவுள்ள மூன்று வேறுபட்ட ஒலிகள் சேர்ந்தால் ஏறக்குறைய 5 டெசிபல் கூடும். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். அதனால் மூன்றையும் ஒரு குழு ஃபேடரில் சேர்த்து, 5 டெசிபல் இறக்கி, தனி சிந்தோடு ஒப்பிடுங்கள். அப்போதும் பிடித்தால் அடுக்கு வேலை செய்கிறது. பிறகு ஒவ்வொன்றாக மியூட் செய்யுங்கள். எதை நீக்கும்போது வித்தியாசம் தெரியவில்லையோ அதை அழித்துவிடுங்கள். நான்காவது சிந்தைச் சேர்க்க ஆசைப்படுபவர்களிடம் நான் கேட்பது, மூன்றாவது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத்தான்.

பிரீசெட்டுகளோடு வரும் ரிவெர்ப் அனைத்தையும் அணைத்துவிட்டு, குழுவிலிருந்து ஒரே ரிவெர்புக்கு அனுப்புங்கள். மூன்று வெவ்வேறு அறைகளில் நிற்கும் கருவிகள் ஒன்றாகக் கேட்காது. ஸ்டீரியோவில் வாலை அகலமாக்கி, உடலை நடுவில் நிறுத்துங்கள்.

கணினி திணறினால் சிந்த் டிராக்குகளை மட்டும் ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது அவற்றின் ஒலியைத் தற்காலிக ஆடியோவாக மாற்றிவையுங்கள். மேல் டிராக்கில் கை வைக்க வேண்டாம். ஆனால் ஃப்ரீஸ் ஆன டிராக் பழைய ஒலியையே திருப்பித் தரும் என்பதால், நோட்டைத் திருத்தினால் மூன்றையும் அன்ஃப்ரீஸ் செய்து மறுபடி ஃப்ரீஸ் செய்ய வேண்டியிருக்கும்.