ராஜராஜன் ஓலையில் நம் காலத்து எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். சரித்திரப் படம் வந்ததும் 'வரலாற்றைக் கெடுத்துவிட்டார்கள்' என்று ஒரு பக்கம், 'பாடமா படிக்கப் போனோம்?' என்று இன்னொரு பக்கம். அரசனுக்கு இல்லாத காதலைச் சேர்க்கட்டும், இரண்டு போரை ஒன்றாக்கட்டும். கதைக்கு அது வேண்டியிருக்கும். சோழர் இன்றைய தமிழ் பேசுவதும் சரிதான், இல்லாவிட்டால் நமக்குப் புரியாது. என் வருத்தமெல்லாம், படத்தின் சுவைக்கு எதையும் சேர்க்காத பிழைகள் மேல்தான்.

அரண்மனை அடுக்களையில் மிளகாய் வற்றல் காய்கிறது, கூடையில் தக்காளி. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-இல் போர்த்துகீசியர் கடல்வழியாக வந்த பிறகே இங்கே பரவியவை. ராஜராஜன் ஆண்டதோ 985 முதல் 1014 வரை. ஒரு முறம் மிளகு வைத்தால் போதும், செலவு கூடாது.

அடுத்தது ஓலை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். தூதன் ஓலையை நீட்டுகிறான், கேமரா கிட்டே போகிறது. பார்த்தால் கம்ப்யூட்டர் எழுத்து! மெய்யெழுத்துக்கெல்லாம் அழகாகப் புள்ளி. அந்தக் கால ஓலையிலும் கல்லிலும் பெரும்பாலும் புள்ளி இராது. படத்து ஓலையிலோ 'கே'க்கு இரட்டைக் கொம்பு போட்டிருக்கும். அது 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்பார்கள். 'லை', 'னை' இரண்டும் இன்றைய வடிவில். தும்பிக்கை வைத்த பழைய வடிவம் மாறியது 1978 அரசாணையால். நம்மில் பலர் பள்ளியில் அந்தப் பழைய வடிவத்தைத்தானே எழுதினோம்?

'சோழர் காலத்து எழுத்தைப் போட்டால் யார் படிப்பது?' என்பார்கள். யாரும் படிக்க வேண்டாமே, நடிகர் வாய்விட்டுத்தானே படிக்கப் போகிறார்! கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவரிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள். பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துணியால் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். பிரஷ்ஷில் வரைந்தால் எழுத்து மேலே திட்டாக நிற்கும், கிட்டத்துக் காட்சியில் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, ஓலையில் மயிலிறகை மையில் தோய்த்து எழுதவே எழுதாதீர்கள். இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி. அவ்வளவுதான்.

உடை, நகை பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றின் படங்கள் அச்சில் கிடைக்கின்றன. வெல்வெட் துணி வாங்கப் போகுமுன் கலை இயக்குநர்கள் அவற்றைப் பார்த்துவிடட்டும். வணக்கம்.